மூன்றாவது பிளக்

தன் கையாலேயே மோட்டாருக்கு ஸ்பார்க் பிளக் மாற்றிக்கொண்ட மனிதனுக்கு, அதற்கப்புறம் அரைமணி நேரம் வரையில் உலகத்தில் தன்னைவிடக் கெட்டிக்காரன் வேறு ஒருவன் இருப்பதாகவே தோன்றாது. கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, அந்த அரைமணி நேரத்தை நானே அனுபவித்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய அம்பாஸடர், பெட்ரோல் வண்டி. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் அந்த வண்டிகளைச் செய்கிற வேலை 2014-இல் நின்றுபோயிற்று. ஓட்டுகிற வேலையை நான் நிறுத்தவில்லை. சில மாதங்களாக அதற்கு ஒரு விக்கல் கண்டிருந்தது. சிக்னலில் நிற்கும்போது சமர்த்தாக முனகிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு 'டுக்'. பிறகு பழையபடி முனகல். இருபது வருஷமாக அந்த வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்து, மரப்பிடி போட்ட ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஓடுகிற என்ஜினில் ஒவ்வொரு பிளக்காகத் தொட்டார். தொட்ட பிளக்குக்குப் போகிற மின்சாரம் உள்ளே போகாமல் ஸ்க்ரூடிரைவர் வழியாக என்ஜின் உடம்பிலேயே இறங்கிவிடும். முதலாவதைத் தொட்டதும் என்ஜினின் சுருதி தொப்பென்று விழுந்தது. இரண்டாவதிலும் விழுந்தது. மூன்றாவதைத் தொட்டபோது சுருதி அவ்வளவாக அசையவில்லை. ஏற்கெனவே வேலை செய்யாமல் இருப்பவனை வேலையிலிருந்து நீக்கினால் ஆபீசுக்கு என்ன நஷ்டம்?

"மூணாவதுல ரிங் தேஞ்சு போச்சுங்க. பிளக்கு எண்ணெய் குடிக்குது. என்ஜின இறக்கித்தான் பாக்கணும்" என்றார்.

"பிளக்க மாத்திப் பாத்தா?"

"மாத்தலாம். கொஞ்ச நாளைக்கு நல்லாத்தான் இருக்கும்."

என்ஜினை இறக்கினால் என்ன ஆகும் என்று ஒரு தொகை சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வருகிற வழியில் நான் யோசித்ததைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. பெரியவருக்கு வயதாகிவிட்டது, காது மங்கியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். வேலையும் குறைந்துபோயிருக்கும், அதனால்தான் பெரிய வேலையாகச் சொல்கிறார் என்று அடுத்தபடி நினைத்தேன். கடையில் நாலு பிளக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். என்ஜின் ஆறியிருக்கும்போது செய்ய வேண்டிய காரியம் இது. ஒயர்கள் இடம் மாறிவிடாமல் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கழற்றியதைத் தினசரித் தாளின்மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதி வரிசையாக வைத்தேன். புதியவற்றின் இடைவெளியை அளவுத் தகட்டால் சரிபார்த்தேன், சுமார் 0.6 மில்லிமீட்டர், அதாவது ஒரு விரல் நகத்தின் கனம். முதல் சில சுற்றுகளைக் கை விரலாலேயே திருகி, கடைசியில் மட்டும் ஸ்பானர் போட்டேன். கைபடும் இடத்தில் இருந்ததால் ஒயர் முனைகளையும் துடைத்தேன். அப்படியே வண்டியையும் கழுவினேன். பெட்ரோல் போட்டுக்கொண்டேன், பங்கில் காற்றும் பிடித்தாயிற்று. பிறகு ஊருக்கு வெளியே ரயில்வே மேம்பாலம் வரை ஒரு ஓட்டம்.

வண்டி பறந்தது! மேம்பாலத்தில் டாப் கியரிலேயே ஏறியது. சத்தம் பட்டுப் போல இருந்தது. விக்கலைக் காணோம். திரும்பி வந்து, பானெட்டைத் திறந்து, ஓடுகிற என்ஜின்மேல் ஓர் எவர்சில்வர் டம்ளர் தண்ணீரை வைத்து, "பார், அலை அடிக்கிறதா?" என்று என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் டம்ளரைப் பார்த்தாள்; வண்டியைப் பார்த்தாள். "கழுவியிருக்கீங்களே, அதனால இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மோட்டார் உலகத்தில் இதைவிடக் கூர்மையான விமரிசனத்தை நான் இதுவரை படித்ததில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? காது சொல்லிற்று, முதுகு சொல்லிற்று. காசு கொடுத்துப் பிளக் வாங்கியவனுடைய காதும் முதுகும் வேறு என்ன சொல்லும்? அன்று மத்தியானம் உட்கார்ந்து அலமாரியிலிருந்து மோட்டார் சரித்திரப் புத்தகங்களைக் கிளப்பினேன். எனக்கு முன்னால் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள் சாமானியர்கள் அல்ல.

பிளக் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: சரியான கணத்தில் ஒரு பொறி. பாரீஸ் நகரத்தில் எனாமல் பூசும் தொழில் செய்துகொண்டிருந்த எத்தியென் லெனுவார் என்பவர் 1860-இல் ஒரு வாயு என்ஜினுக்குப் பேட்டண்ட் எடுத்தார். வாயுவும் காற்றும் கலந்த கலவையை மின்பொறியால் கொளுத்துவது அதன் வித்தை. பீங்கான் துண்டுக்குள் உலோகக் கம்பியை நுழைத்து என்ஜினுக்குள் விட்டார். எனாமல்காரருக்குப் பீங்கானின் சுபாவம் தெரியாமலா இருக்கும்? இன்றைய பிளக்கின் பாட்டனார் அதுதான்.

ஆனால் பாட்டனாருக்குப் பிறகு வம்சம் நேராகத் தழைக்கவில்லை. அந்தக் காலத்து மின்சாரத்தை நம்பி வெளியூர் போக முடியாது. அதனால் கோட்லீப் டெயிம்லர் வேறு வழிக்குப் போனார். ஒரு சின்னக் குழாயை வெளியிலிருந்து விளக்கினால் பழுக்கக் காய்ச்சி, அதன் சூட்டில் கலவையைப் பற்றவைத்தார். பெட்ரோல் வண்டிக்குள் எப்போதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்றால் அதில் ஏறிப் போனவர்களுடைய தைரியத்தை என்னவென்பது! கார்ல் பென்ஸ் மின்பொறியையே பிடித்துக்கொண்டார். அவருடைய மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரி 29-ஆம் தேதி பேட்டண்ட் விண்ணப்பம் போயிற்று. தம்முடைய தலைவலிகளிலெல்லாம் பெரிய தலைவலி இந்தப் பற்றவைப்பு விவகாரம்தான் என்பது அவருடைய அபிப்பிராயம். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, புருஷனிடம் சொல்லிக்கொள்ளாமல், இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனாளே, அந்தப் பிரயாணத்திலும் மின்சாரக் கம்பி ஒன்று தகராறு செய்தது. காலுறையைக் கட்டும் பட்டையைக் கழற்றிக் கம்பிக்கு உறை போட்டாள். வீட்டு மனிதர்கள் தாங்களே மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொள்ளும் பரம்பரை ஒரு பெண்பிள்ளையிடமிருந்துதான் ஆரம்பமாகிறது என்பதை என் போன்றவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தலைவலிக்கு மருந்து ஸ்டுட்கார்ட் நகரத்தில் கிடைத்தது. ராபர்ட் போஷ் அங்கே 1886-இல் ஒரு சின்னப் பட்டறை திறந்தார். ஓரிடத்தில் நிற்கிற என்ஜின்களுக்கு மாக்னெட்டோ என்ற கருவியைச் செய்து கொடுத்தார். சுழற்சியிலிருந்தே மின்சாரம் உண்டாக்கிக் கொள்வதால் அதற்கு பாட்டரி வேண்டாம். 1897-இல் அதை ஒரு தெ தியோன் மூன்று சக்கர வண்டியில் பொருத்தினார்கள். அங்கே பையனாக வேலை கற்று, பிறகு எஞ்சினீயராகத் திரும்பி வந்த கோட்லோப் ஹோனோல்ட் அதை மேலும் சீர்ப்படுத்தி, அதிக அழுத்தமுள்ள மின்சாரத்தை நேரே பிளக்குக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். 1902 ஜனவரி 7-இல் பேட்டண்ட் ஆயிற்று. என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பொறி பின்தங்கவில்லை. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் என் வண்டியில் ஒரு பிளக் விநாடிக்கு 25 பொறி போட வேண்டும் என்று கணக்குப் போட்டால் இதன் பெருமை விளங்கும். அந்த போஷ் கம்பெனியின் கூட்டுறவோடு பெங்களூரில் 1951-இல் ஏற்பட்டதுதான் மைக்கோ. நம் நாட்டில் ஒரு தலைமுறைக்கு ஸ்பார்க் பிளக் என்றாலே மைக்கோ என்றிருந்தது. 2008-இல் அதன் பெயரும் போஷ் என்று மாறிவிட்டது.

பொறி வந்துவிட்டது. அது நன்றாக வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த இடத்தில்தான் காது மேடையேறுகிறது. 1908-இல் வெளிவந்து, 1927 வரையில் ஒன்றரைக் கோடி உற்பத்தியான ஃபோர்டின் 'டி' மாடல் வண்டியைப் போலக் காதுக்கு வேலை கொடுத்த வண்டி கிடையாது. அதில் சிலிண்டருக்கு ஒன்றாக நாலு காயில்கள் மரப்பெட்டிகளில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன உலோக நாக்கு. பொறி போடும்போதெல்லாம் அது வண்டு போல ரீங்காரம் செய்யும். என்ஜின் முரண்டு செய்தால், ஓட்டுகிறவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு நாக்காக விரலால் அழுத்திப் பிடிப்பார். எந்த நாக்கை அழுத்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் திருடன். என் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் செய்தது இதைத்தான். அவர் ஃபோர்டு 'டி'யைக் கண்ணால் பார்த்திருப்பாரோ என்னவோ. வித்தை எப்படியோ கை மாறிக் கை மாறி அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. (மின்னணுப் பெட்டி வைத்த இக்காலத்து வண்டிகளில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம், பெட்டியும் போகும், விரலும் அதிரும்.)

அதே ஃபோர்டில் ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே இரண்டு நெம்புகோல்கள். வலது பக்கத்தில் இருப்பது பெட்ரோலுக்கு. இடது பக்கத்தில் இருப்பது பொறியை முந்தியோ பிந்தியோ போடுவதற்கு. வேகத்துக்கும் மேட்டுக்கும் தகுந்தபடி ஓட்டுகிறவரே பொறியின் நேரத்தைத் திருத்திக்கொண்டு போக வேண்டும். வழிகாட்டி காது ஒன்றுதான். ரொம்ப முந்தினால் 'கட கட' என்று அடிக்கும். ரொம்பப் பிந்தினால் வண்டி சோம்பும். பொறியைப் பின்னுக்குத் தள்ளாமல் கிளப்புக் கம்பியைச் சுற்றினால் என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை ஒடித்துவிடும். தப்புச் செய்தால் எலும்பு முறியும் என்ற நிலைமையில் வளர்ந்த காது அது. பாட்டுக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டும் என் காதை அதோடு ஒப்பிடலாமா?

பிளக்குக்கு விளம்பரமும் விலாசமும் ஏற்பட்ட கதை தனி. ஆல்பர் ஷாம்பியோன் என்ற பாரீஸ் இளைஞர் சைக்கிள் பந்தயக்காரர். 1899-இல் பாரீஸ்–ரூபே பந்தயத்தில் ஜயித்தவர். அமெரிக்காவுக்குப் போனார். அங்கே மோட்டார்ப் பந்தயத்தில் கால் ஒடிந்தது. பிளக் வியாபாரத்தில் இறங்கி, 1905-இல் பாஸ்டன் நகரில் தம் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். அமெரிக்க உச்சரிப்பில் 'சாம்பியன்'. மனிதனுடைய பெயரே விளம்பரமாக அமைந்துவிட்டது. எந்த ஆசிரியனுக்கு இப்படி ஒரு தலைப்புக் கிடைக்கும்? ஆனால் கூட்டாளிகளோடு ஒத்துப் போகவில்லை. ஜெனரல் மோட்டார்ஸை நிறுவிய டூராண்ட் கூப்பிட்டதன் பேரில் 1908-இல் மிச்சிகனில் ஃபிளிண்ட் நகருக்குப் போய் வேறு கம்பெனி ஆரம்பித்தார். பழைய கூட்டாளிகள் பெயரை விடவில்லை. கடைசியில் 1922-இல் அவருடைய கம்பெனியே 'ஏ.சி.' என்று இரண்டு எழுத்துக்குச் சுருங்க வேண்டியதாயிற்று. முதல் எழுத்துக்கள் அவருக்கு. முழுப் பெயர் பிறருக்கு. 1927-இல் பாரீஸிலேயே இறந்துபோனார்.

அந்த நாளிலிருந்து இன்றுவரை பிளக் விளம்பரங்களின் பல்லவி ஒன்றுதான்: புதிய பிளக் போடுங்கள், புதிய சக்தி வரும். இதில் பாதி நிஜம். தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகன்றுபோகிறது. பொறி தாண்டுவதற்கு இன்னும் அதிக வோல்ட் தேவைப்படுகிறது; சில சமயம் தாண்டாமலே போகிறது. அப்படிப் போன சக்தியைப் புதிய பிளக் மீட்டுக் கொடுக்கும். பழைய பிளக் ஒரு தடவைகூடத் தவறாமல் பற்றவைத்துக்கொண்டிருந்தால், புதியது அதற்குமேல் என்ன செய்துவிடும்? அடுப்புப் பற்றிக்கொண்ட பிறகு சோறு வேகிற வேகம் தீக்குச்சியின் விலையைப் பொறுத்ததா?

ஆகவே, அளந்து பார்க்க வேண்டும். அளப்பதில் பெரியவர் ஜேம்ஸ் வாட். நீராவி யந்திரம் விற்கப் போன இடத்திலெல்லாம் ஜனங்கள் குதிரைக் கணக்கில் பேசினார்கள். அவரும் ஒரு குதிரைக்கு நிமிஷத்தில் 33,000 பவுண்டை ஓர் அடி உயரம் தூக்கும் சக்தி என்று நிர்ணயித்தார். எந்தக் குதிரையும் நாள் முழுவதும் அப்படி உழைக்காது என்பது வேறு விஷயம். யந்திரம் வாஸ்தவமாகவே அவ்வளவு கொடுக்கிறதா என்று சோதிக்க 1821-இல் பிரெஞ்சுக்காரர் காஸ்பார் தெ ப்ரோனி ஒரு யுக்தி கண்டுபிடித்தார். இவர் புரட்சிக் காலத்தில் மாபெரும் மடக்கை அட்டவணை தயாரித்த கணக்குப் புலி. சுழலும் அச்சை இரண்டு மரக்கட்டைகளால் இறுகக் கவ்வி, கட்டையிலிருந்து ஒரு நீண்ட கையை நீட்டி, அதன் நுனியில் எடை தொங்கவிட்டார். யந்திரம் கட்டையையும் சேர்த்துச் சுற்றப் பார்க்கும். எடை கீழே இழுக்கும். இரண்டும் சமமாக நிற்கும்போது, எடை, கையின் நீளம், சுற்றின் எண்ணிக்கை இம்மூன்றையும் கொண்டு சக்தியைச் சொல்லிவிடலாம். 'பிரேக் குதிரைச் சக்தி' என்று வண்டிக் கையேடுகளில் போட்டிருக்கிறார்களே, அந்த பிரேக் நம் காலடியில் இருப்பது அல்ல, இந்த மரக்கட்டைதான். இதில் எனக்குப் பிடித்த அம்சம், கட்டைக்கு யந்திரத்தின்மேல் அபிமானம் கிடையாது என்பது.

மரக்கட்டையை ரோட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் ரோட்டிலேயே சோதனை செய்ய வழி தேடினார்கள். 1911-இல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி, ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில், ஒரு வண்டியை லண்டனிலிருந்து எடின்பரோவுக்கும் அங்கிருந்து திரும்பியும் டாப் கியரிலேயே ஓட்டிக் காட்டியது. மேடு வந்தாலும் கியர் மாற்றக்கூடாது. காலனுக்கு 24.32 மைல் கொடுத்தது. அதே வண்டி புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் மணிக்கு 78.26 மைல் ஓடியது. தசம ஸ்தானத்துக்குப் பின்னால் உள்ள அந்த இரண்டு இலக்கங்களைக் கவனியுங்கள். 'பட்டுப் போல ஓடிற்று' என்று சொல்லி நிறுத்தவில்லை. புரூக்லண்ட்ஸில் 1909-இல் சோதனைக்கென்றே ஒரு மேட்டைக் கட்டினார்கள். நீளம் 352 அடி, கடைசிப் பகுதியில் நாலடிக்கு ஓரடி ஏற்றம். 'ஆட்டோகார்' பத்திரிகை 1928 முதல் ஒழுங்குமுறையான ரோட்டுப் பரீட்சைகளை நடத்தி வெளியிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு என் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை நினைத்துப் பார்த்தேன். முன்பு நான் வண்டி ஓட்டியது வேலைநாள் மத்தியான வெயிலில். பிளக் மாற்றி ஓட்டியது விடியற்காலையில். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதில் பிராணவாயு அதிகம். என்ஜினுக்கு அதுவே ஒரு வாய் காப்பி. ஒயர் முனை துடைத்தது ஒரு காரணம். சக்கரத்தில் காற்றுப் பிடித்தது ஒரு காரணம். ரோட்டில் கூட்டமில்லாதது ஒரு காரணம். இவ்வளவுக்கும் சேர்த்து நான் நாலு பிளக்குக்கு மாலை போட்டிருக்கிறேன். கழுவியதுதான் காரணம் என்ற கட்சியையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை.

என் தம்பி மகன் எஞ்சினீயரிங் படிக்கிறான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பெரியப்பா, ஒரு பந்தயம். பழைய பிளக்கையெல்லாம் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, இடைவெளி சரிபண்ணி வைக்கிறேன். நீங்க உள்ளே போயிடுங்க. பழசு இருக்கோ புதுசு இருக்கோ, எனக்குத்தான் தெரியும். ஓட்டிப் பாத்துட்டு நீங்க சொல்லுங்க" என்றான்.

"தாராளமாக" என்றேன். எனக்கு அப்போது நிஜமாகவே சந்தேகமில்லை.

என்ஜின் ஆறும்வரை காத்திருந்து மாற்ற வேண்டியிருந்ததால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அதே மேம்பாலம், அதே விடியற்காலை, வண்டியில் அதே இரண்டு பேர். டாப் கியரில் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 60-க்குப் போக எவ்வளவு நேரம் என்று பையன் கடிகாரம் பிடித்தான். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, காற்றும் சரிவும் ஈடாகிவிடும் என்று. நாலு ஓட்டம். நாலிலும் நான் தீர்ப்புச் சொன்னேன். இரண்டு சரி, இரண்டு தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே பலன்தான். தப்பாகப் போன இரண்டும் எவை என்றால், சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேனே, அந்த இரண்டுமேதான். மூன்றாவது ஓட்டத்தில், "ஆகா, இதுதான் புதுசு! இந்த இழுப்பு பழசுக்கு வருமா?" என்று ஸ்டியரிங்கைத் தட்டினேன். பையன் தன் சட்டைப் பையிலிருந்து புதுப் பிளக் ஒன்றை எடுத்துக் காட்டினான்.

கடிகாரக் கணக்கையும் பார்த்தோம். பழசும் புதுசும் பன்னிரண்டு விநாடிக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் கலந்து கிடந்தன. விளையாட்டாக ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணி வெயிலிலும் ஓட்டிப் பார்த்தோம். புதிய பிளக் இருந்தும் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது.

"அப்படியானால் விக்கல் நின்றதே, அது பொய்யா?" என்று வாசகர்கள் கேட்கலாம். அது பொய்யில்லை. எண்ணெய்க் கரி ஏறின மூன்றாவது பிளக்கை எடுத்துவிட்டுச் சுத்தமானதைப் போட்டால் விக்கல் நிற்கும். புதியதானாலும் நிற்கும், தேய்த்துப் போட்ட பழையதானாலும் நிற்கும். மெக்கானிக் இதை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. 'கொஞ்ச நாளைக்கு நல்லாத்தான் இருக்கும்' என்ற வாக்கியத்தில் 'நல்லாத்தான் இருக்கும்' என்பதை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

வீட்டில் பிளக் மாற்றுகிறவனுக்கு உண்மையான தகவல் கொடுப்பது புதுப் பிளக் அல்ல. கழற்றிப் போட்ட பழையதுதான். பந்தயக்காரர்கள் இதை வெகு நாளைக்கு முன்பே தெரிந்துகொண்டார்கள். முழு வேகத்தில் போகும்போதே சட்டென்று ஸ்விட்சை அணைத்து, கிளச்சை மிதித்து, வண்டியை நிற்கும்வரை உருளவிடுவார்கள். பிறகு பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பார்ப்பார்கள். முழு வேகத்தில் உள்ளே நடந்தது அப்படியே அதன்மேல் எழுதியிருக்கும். கெனெல்ம் லீ கின்னஸ் என்பவர் பந்தயங்களில் பிளக் வெடித்து வெடித்து அலுத்துப்போய், பீங்கானுக்குப் பதில் அப்பிரகத் தகடுகளை அடுக்கித் தாமே பிளக் செய்ய ஆரம்பித்தார். முதல் உலக யுத்தத்துக்குச் சற்று முந்திய காலம். லண்டனில் பட்னி வேலில் ஒரு பழைய சத்திரத்தில் தொழிற்சாலை. அவர் பெயரின் முதலெழுத்துக்களான கே.எல்.ஜி. பிளக்கின் பெயராயிற்று. 1922-இல் மணிக்கு 133.75 மைல் ஓட்டி அவர் உலக வேக ரிக்கார்டு ஏற்படுத்தினார்.

அந்த முகக்குறி சாஸ்திரம் இதுதான். இளம் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் க்ஷேமம். வறண்ட கருப்புப் பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெளுத்து, கொப்புளம் போட்டிருந்தால் சூடு மிஞ்சுகிறது. கருப்பாக, ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டியோ வால்வுத் தண்டு வழியாகவோ எண்ணெய் ஏறுகிறது. தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருளைக் கலக்கும் வழி கண்ட பிறகு, ஈயத்தின் படிவும் பிளக்கில் சேர்ந்துகொண்டது. குழந்தைகளின் மூளையைக் கெடுத்த அந்தச் சரக்கு நம் நாட்டுப் பங்குகளிலிருந்து 2000-இல் ஒழிந்தது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல் நின்றது. ஈயம் போன பிறகு பிளக்கின் முகத்தில் நிறம் முன்போல் பளிச்சென்று விழுவதில்லை என்று பழகினவர்கள் குறைப்படுகிறார்கள். எண்ணெயின் கருப்புக்கு மட்டும் எந்தக் குறைச்சலும் வரவில்லை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் தினசரித் தாளில் நாலு பிளக்கை வரிசையாக வைத்தேன் என்று சொன்னேன் அல்லவா? மூன்று பிஸ்கட் நிறம். மூன்றாவது, தாளில் எண்ணெய் வட்டம் ஊறும் அளவுக்குக் கருப்பு. கண்ணெதிரில் கிடந்தது. அந்தத் தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் மேம்பாலத்துக்குப் போனேன்.

பந்தயமெல்லாம் முடிந்து, புதிய பிளக்குகளை நிரந்தரமாகப் போட்டுக்கொண்ட மூன்று வாரத்தில் சிக்னலில் மறுபடி ஒரு 'டுக்'. வீட்டுக்கு வந்து மூன்றாவது பிளக்கை மட்டும் கழற்றினேன். பார்த்தேன். திரும்ப மாட்டி, பெரியவருடைய கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அவர் பானெட்டைத் திறந்து, அந்தப் பிளக்கைத் தாமே கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்தார். 'நான்தான் அப்போதே சொன்னேனே' என்று சொல்லுவார் என எதிர்பார்த்து நின்றேன்.

"எத்தன கிலோமீட்டர் ஓடுச்சுங்க?"

"நானூறு இருக்கும்."

"நான் முந்நூறுதான் தாங்கும்னு நெனச்சேன். நல்ல பிளக்குதான்" என்று சொல்லி, கழிவு நூலால் அதை நன்றாகத் துடைத்து என் கையில் கொடுத்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு, வண்டியை உள்ளே தள்ளச் சொன்னார். தொகையைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.